தொண்ணூறு கோடியே அறுபத்திரண்டு லட்சத்து இருபதாயிரத்து அறுபத்தொன்பது

2 மார்ச்

அன்புள்ள மீதிக்கு,

நான் இங்கே ஒருவாறு இருக்கிறேன். நீயும் வாலுவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ உன் அக்கா வீட்டுக்குப் போன நாளிலிருந்து அப்படி நம்பிக்கொள்வதைத் தவிர வேறு வழியும் இல்லை. 'மீதி' என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எம்.எஸ்ஸி. வகுப்பில் நம்மை இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது ஒற்றையாக மிஞ்சிய ஒரே பெண்ணுக்கு நான் வைத்த பெயர். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயரைவிட இதுதான் என் வாயில் வருகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை. சமையலுக்கு ஒரு அம்மாள் வருகிறார். உப்பு ஒரு நாள் தூக்கலாக இருக்கும், மறுநாள் இருக்கவே இருக்காது. சராசரி எடுத்தால் சரியாக வருகிறது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. "அவ இருந்தா இந்நேரம் ஆளக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருப்பா" என்று அம்மா என் காதுபடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இன்னொரு சின்ன விஷயம். நம் எண்ணைப் பற்றியது. கணித ஆசிரியர் சங்கத்தின் காலாண்டிதழில் வந்ததே, 906220069 பகா எண் என்ற கட்டுரை, அதற்கு ஒரு வாசகர் மறுப்பு அனுப்பியிருக்கிறார். அவருடைய பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கணினி வந்திருக்கிறதாம். பொழுதுபோகாமல் நம் எண்ணை அதற்குள் போட்டாராம். ஒரு நிமிடத்துக்குள் 10069 என்று காட்டிவிட்டதாம். 10069 ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் போகிறது. நாம் ஒன்றரை வருடம் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து எதாலும் வகுபடாது என்று சொன்ன எண்.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டுக் கேட்டார். துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருக்கும் சமயம். கட்டுரையை வைத்துத்தான் போனது. நான் யோசித்துப் பார்த்தேன். நீ அப்போது காய்ச்சலோடுதான் கணக்குப் போட்டாய். கண் தவறியிருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வகுத்தல் வேலையைச் செய்தது நான்தான், என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று இதழாசிரியருக்கு நான்கு வரி எழுதிப் போட்டுவிடு. உனக்கு அங்கே இழக்க எதுவும் இல்லை. எனக்கு இங்கே நிறைய இருக்கிறது.

வாலு ஆறாம் வகுப்பில் ஒழுங்காகப் படிக்கிறாளா?

உன்,
நான்.

*

11 மார்ச்

கல்லூரி விரிவுரையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் மகளும் நலம். அவள் ஏழாம் வகுப்பு. எண்களில் உங்களுக்கு எப்போதுமே பெரியவற்றின் மேல்தான் கவனம்.

'உனக்கு இழக்க எதுவும் இல்லை' என்ற வரியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் எழுதுறாரு, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு" என்றாள். ஆனால் உங்கள் தகவல் பழையது. ஜனவரியிலிருந்து நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். யார் எந்த வயதில் செத்தால் கம்பெனி என்ன ஆகும் என்று கணக்குப் போடும் பிரிவு. பக்கத்து மேசைக்காரர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பாமலே இருந்தேன். ஆகையால் 'மீதி' இனி வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். அந்த எண்ணின் வர்க்கமூலம் முப்பதாயிரத்து நூற்று மூன்றைக் கொஞ்சம் தாண்டும். அதனால் முப்பதாயிரத்து நூற்று மூன்று வரையிலுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தோம். வேலையை எப்படிப் பிரித்தோம் என்று மறந்துவிட்டீர்களா? பத்தாயிரத்துக்குக் கீழே முழுக்க நான். நீங்கள் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம். அதற்கு மேல் உங்களுடைய பங்குதான். ஆனால் விடைத்தாள் திருத்தப் போனீர்கள், பிறகு கருத்தரங்குக்குப் போனீர்கள், கடைசியில் அதையும் நானே போட்டேன். காய்ச்சல் எனக்கு வந்தது உண்மை. அது ஐயாயிரம் பக்கத்தில் இருந்தபோது வந்தது.

10069 யாருடைய எல்லைக்குள் இருக்கிறது? வாலுவைக் கேட்டால்கூடச் சொல்வாள். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றிருக்கிறது, நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

எனக்குக் கசப்பது இது அல்ல. பிழை யாருக்கும் வரும். வாசகர் அப்படிச் சொன்னதும் நீங்கள் முதல் வேலையாகக் கணக்கு எந்திரத்தை எடுத்து வகுத்துப் பார்த்திருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். பார்த்தவுடன் யார் பங்கு என்பதும் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகுதான் எனக்குக் காய்ச்சல் வந்ததை நினைவுபடுத்திக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் மறந்திருப்பேனா என்று பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. இதழ் அச்சாகி வந்த அன்று நீங்கள் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனீர்கள். நான் பிரித்தேன். மேலே உங்கள் பெயர் மட்டும். இரண்டாம் பக்கத்தில், அந்த எண் 26150 இன் வர்க்கமும் 14913 இன் வர்க்கமும் சேர்ந்தது என்று நான் கண்டுபிடித்துக் கொடுத்த பத்தி, ஒரு எழுத்து மாறாமல். அடியில் சின்ன எழுத்தில் 'தட்டச்சு செய்து உதவிய என் மனைவிக்கு நன்றி'. "என்னங்க இது?" என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "புருஷன் பொண்டாட்டின்னு ரெண்டு பேர் போட்டா எவன் மதிப்பான்? வீட்டு சமாச்சாரம்னு நினைப்பான். நமக்குள்ள என்ன, உன் பேரு என் பேருன்னு." அப்போது நமக்குள் எதுவும் இல்லை, எல்லாம் உங்களுக்குள் இருந்தது. பிழை என்று வந்ததும் பங்கு பிரிக்க வந்திருக்கிறீர்கள்.

தட்டச்சு செய்தவளுக்கு வகுத்தல் எப்படித் தவறும் என்று இதழாசிரியர் கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது?

எழுதித் தருகிறேன். ஒரே நிபந்தனை. 'கட்டுரையும் எங்கள் இருவருடையது, பிழையும் எங்கள் இருவருடையது' என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். யாருடைய எல்லை என்று நான் மூச்சுவிடமாட்டேன். நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

அத்தையின் முழங்காலுக்கு நான் தடவிவிடும் தைலம் அலமாரியின் மேல் தட்டில், பஞ்சுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் கேட்கமாட்டார், நீங்களாக எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தட்டச்சு செய்து உதவியவள்.

*

19 மார்ச்

அன்புள்ள உனக்கு,

நீ கேட்டபடி அந்தப் பெயரை எழுதவில்லை. எழுதாமல் விட்ட இடம் பொக்கை வாய் மாதிரி இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கே தொட்டாலும் குத்துகிறது. சரி, நடுப்பகுதி என் பங்குதான். மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியில் கொடுத்த அந்தக் கணக்கு மிஷின் பற்றி உனக்குத் தெரியும். ஒரு பல் தேய்ந்து, கைப்பிடி சில சமயம் ஒரு சுற்று வழுக்கும். அது வழுக்கிய நேரத்தில் 10069 மாட்டியிருக்க வேண்டும். நான் சோம்பேறித்தனம் பண்ணவில்லை.

நீ சொன்னதும் உண்மை. வாசகர் கடிதம் வந்ததும் வகுத்துப் பார்த்தேன். வீட்டில் இல்லை, வகுப்புகள் முடிந்து எல்லாரும் போன பிறகு துறை அறையில். மேசை விளிம்பில் எந்திரத்தை வைத்து, வழுக்காமல் மெதுவாகச் சுற்றினேன். ஒவ்வொரு இலக்கமாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசிச் சுற்றில் எந்திரத்தின் எண் சன்னல் முழுக்கச் சுழியமாகி நின்றது. ஈவு 90001. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், உன்னிடம் காட்டலாம் என்று. அந்த நாற்காலியில் நீ ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் திரும்பினேன். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். நீ எண்ணைச் சொல்ல நான் சுற்றுவேன், நான் சொல்ல நீ சுற்றுவாய். வாலு கீழே படுத்துக்கொண்டு நம் கால்விரல்களை எண்ணுவாள். எனக்கு அதற்குப் பிறகு எவனோடும் அப்படி வேலை செய்ய வாய்க்கவில்லை.

நீ அனுப்பிய நகலில் கையெழுத்துப் போட முடியாது. கோபப்படாமல் கேள். இப்போது இரண்டு பெயர் என்றால், அப்போது ஏன் ஒன்று என்று முதல்வர் கேட்பார். பிழை ஒரு நாளில் மறந்துபோகும். இது மறக்காது. "பொண்டாட்டி போட்ட கணக்க தன் பேர்ல போட்டுக்கிட்டவன்" என்று ஓய்வு பெறும்வரை சொல்வார்கள்.

நீ திரும்பி வா. பின்னறையைக் காலி செய்துவிட்டேன். என் பழைய புத்தகங்களையெல்லாம் மாடிக்கு ஏற்றியாயிற்று. உனக்கென்று ஒரு மேசை, கதவோடு. அடுத்த கட்டுரையில் உன் பெயர் முதலில் வரட்டும். அம்மா சொல்கிறாள்: "அவ கால்ல விழணும்னாலும் விழுந்து கூட்டிட்டு வா. நம்பரோட குடும்பம் நடத்த முடியாதுடா." தைலத்தை எடுத்துக் கொடுத்தேன். யார் சொல்லி எடுத்தாய் என்று கேட்டாள். சொன்னேன். அழுதாள்.

வாலுவுக்கு ஏழாம் வகுப்பு என்பதை இனி மறக்கமாட்டேன்.

உன்,
நான்.

*

28 மார்ச்

உங்களுக்கு,

முந்தாநாள் உங்கள் கடிதம் வந்தது. அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு தடவை, பேருந்தில் ஒரு தடவை படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு நிறுத்தம் நடந்து வந்தேன்.

அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்புகிறேன். எந்திரத்தின் பல்லை நம்பவில்லை. அதே எந்திரத்தில்தான் மிச்சமிருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் வகுத்தலை நான் போட்டேன், எனக்கு அது வழுக்கவில்லை. இருக்கட்டும்.

10069 என்று தெரிந்த பிறகு எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. 10069 என்பது 87 இன் வர்க்கமும் 50 இன் வர்க்கமும். 90001 என்பது முந்நூறின் வர்க்கமும் ஒன்றும். இரண்டையும் பெருக்கிச் சேர்த்து விளையாடினால், நம் எண்ணை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க இன்னொரு வழி வருகிறது: 26050, 15087. போட்டுப் பாருங்கள். பகா எண்ணாக இருந்தால் ஒரே ஒரு வழிதான் இருக்க முடியும். இந்த இரண்டாவது ஜோடி அங்கேயே உட்கார்ந்திருந்தது. நான் முதல் ஜோடி கிடைத்த சந்தோஷத்தில் மேலே தேடவில்லை. அன்றைக்கே தேடியிருந்தால் கட்டுரையே வந்திருக்காது. நாமும் ஒரே வீட்டில் இருந்திருப்போமோ என்னவோ. எண் உடைந்துபோனதில் எனக்கு வருத்தம் இல்லை என்பதைச் சொல்ல வந்தேன். முழுசாக இருந்தபோது தெரியாத அழகெல்லாம் இப்போது தெரிகிறது. இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வது? அக்காவிடம் சொன்னேன். "அடுப்ப அணைச்சிட்டு வந்து சொல்லு" என்றாள்.

என் பெயரை அச்சில் போட வேண்டாம். விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். முதல்வரின் அறையில், நான் பக்கத்தில் நிற்க, "இது நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்டது சார், இந்த இடத்துல தவறினது நான்" என்று வாயால் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டே சொல்லுங்கள். எனக்கு அது போதும். அதற்குப் பிறகு இதழாசிரியருக்கு நீங்கள் சொல்கிறபடி எழுதித் தருகிறேன், என் கவனக்குறைவு என்றே.

வாலுவுக்குத் தேர்வு முடிகிறது. பத்தாம் தேதி காலை வண்டிக்கு இரண்டு பேருக்கும் சீட்டு எடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். "போ, போய்ட்டு மறுபடியும் இதே பெட்டியத் தூக்கிட்டு வா" என்கிறாள். வாலு தன் துணிகளை மடித்து வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, மறுபடி மடிக்கிறாள்.

நிலையத்துக்கு வருவீர்களா?

அன்புடன்,
நான்.

*

5 ஏப்ரல்

அன்புள்ள உனக்கு,

அவசரமாக எழுதுகிறேன், தபால்பெட்டியைத் திறக்கும் நேரம்.

நல்ல செய்தி. சிக்கல் தீர்ந்தது! இதழாசிரியருக்கு ஒரு சிறு திருத்தக் குறிப்பு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டுவிட்டார். முதல்வருக்கும் திருப்தி. "இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை நாள் முகத்தைத் தொங்கப்போட்டுட்டு இருந்தீங்க?" என்று தோளில் தட்டினார். துறைத்தலைவர் உத்தரவு நேற்றுக் கைக்கு வந்தது. குறிப்பில் யார் பெயரும் இல்லை. உன்மேலும் பழி இல்லை, என்மேலும் இல்லை. நீ எதுவும் எழுதித் தர வேண்டியதில்லை.

ஆகையால் பத்தாம் தேதி அவ்வளவு தூரம் இந்த வெயிலில் வர வேண்டாம். புதுப் பொறுப்பு, இந்த மாதம் முழுக்க எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. முதல்வரிடம் இப்போது போய் எதையாவது சொன்னால் குழப்பம்தான். கொஞ்ச நாள் போகட்டும், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

உன் இரண்டாவது ஜோடி அருமை. நேரம் கிடைக்கும்போது போட்டுப் பார்க்கிறேன்.

உன்,
நான்.

*

20 மே

உங்களுக்கு,

துறைத்தலைவர் ஆனதற்கு வாழ்த்துகள்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், அந்தக் குறிப்பை என் கண்ணால் பார்க்கும்வரை எழுதக் கூடாது என்று இருந்தேன். சங்கத்துக்குச் சந்தா கட்டி என் முகவரிக்கே இதழை வரவழைத்தேன். நேற்று வந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம், புத்தக விளம்பரத்துக்குக் கீழே: 'தட்டச்சில் நேர்ந்த பிழையால் ஓர் இலக்கம் மாறிவிட்டது. சரியான எண் 906220009. வாசகர்கள் பொறுத்தருள்க.'

யார் பெயரும் இல்லை என்று எழுதினீர்கள். அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தது யார் என்று கட்டுரையின் அடியிலேயே அச்சாகியிருக்கிறது. நீங்கள் எனக்குக் கொடுத்த ஒரே இடம் அது. கடைசியில் பழியைக் கொண்டுவந்து போடவும் அந்த இடம்தான் உங்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

நீங்கள் அவசரத்தில் பார்க்காத ஒன்று உண்டு. இரண்டாம் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். 26150 இன் வர்க்கம், 14913 இன் வர்க்கம் என்று அச்சாகியிருக்கிறது. பென்சிலும் தாளும் உள்ள எவரும் கால்மணி நேரத்தில் கூட்டிவிடலாம். அறுபத்தொன்பதில்தான் முடியும், சுழியம் ஒன்பதில் முடியாது. அந்தப் பத்தி என்னுடையது என்பதால் உங்களுக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். கணினி வைத்திருக்கும் அந்த வாசகர் மறக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நான் அவருக்கும் எழுதவில்லை, உங்கள் முதல்வருக்கும் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை. உங்கள் புதிய எண் பகா எண்ணா என்றுகூட நான் பார்க்கவில்லை. அது உங்கள் ஒருவருடைய எண், நீங்களே காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இதழுக்கு நான் வேறொன்று அனுப்பியிருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். 906220069 எப்படி உடைகிறது, எப்படி இரண்டு வழிகளில் இரண்டு வர்க்கங்களாகப் பிரிகிறது என்பது மட்டும். உங்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மேலே என் பெயர், எனக்கு என் அப்பா வைத்த பெயர், அலுவலக முகவரியோடு. ஆசிரியர் ஏற்றுக்கொண்டு அஞ்சலட்டை போட்டிருக்கிறார். உங்களைத் தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியும் என்றுதான் எழுதியிருப்பேன்.

இதெல்லாம் எனக்கு ஆறிவிடும். ஆறாதது வேறு. நீங்கள் 'வர வேண்டாம்' என்று எழுதிய கடிதம் ஒன்பதாம் தேதி மாலை வந்தது. வாலு வாசலில் நின்று, தபால்காரர் கையில் இருக்கும்போதே உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். "அப்பா லெட்டர்! ஸ்டேஷனுக்கு வரேன்னு எழுதியிருக்காரா?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். நான் படித்துவிட்டு மடித்தேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்டா. நம்மள பாக்கணும்னு ரொம்ப ஆசையாத்தான் இருந்தாராம்" என்றேன். "அப்ப நாம போய் பாத்துக்கலாம்ல? உடம்பு சரியில்லன்னாதானே போகணும்?" என்று கேட்டாள். அக்கா வந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பெட்டியை நான்தான் பிரித்தேன். எட்டாக மடித்த ஒரு தாள் மேலே இருந்தது. உங்களுக்குக் காட்ட வைத்திருந்த கணக்குத் தேர்வுத் தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அதை அனுப்பமாட்டேன்.

உங்களுக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

ஜூனில் அவளை இங்கேயே எட்டாம் வகுப்பில் சேர்க்கிறேன். பழைய பள்ளியில் இன்னும் மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை. தற்காலிகமாகத்தான் இங்கே உட்கார வைத்திருந்தார்கள். அப்பா கையெழுத்து இல்லாமல் தரமாட்டார்களாம். பள்ளி உங்கள் கல்லூரிக்குப் போகிற வழிதான். வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பத்தாம் தேதிக்குள் வேண்டும்.

கடிதம் எதுவும் வைக்க வேண்டாம். சான்றிதழ் மட்டும் போதும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா.